மனைவியையும் மூணு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் ஜப்பான் கைதிகளை ஏன் விட்டார்?

1953 ஜூலை ஆரம்பத்துல பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி எல்பிடியோ கிரினோ ஒரு உத்தரவு போட்டார். மணிலாவுக்குத் தெற்கே முன்டின்லூபா ஜெயில்ல ஜப்பான் போர்க்குற்றவாளிகள் 100 பேருக்கு மேல இருந்தாங்க, அதுல பாதிப்பேர் மரண தண்டனைக் கைதிங்க, அத்தனை பேரையும் கப்பலேத்தி சொந்த நாட்டுக்கு அனுப்பிடுங்கன்னு. மரண தண்டனை எல்லாம் ஆயுளா குறைஞ்சுது, அதையும் டோக்கியோல சுகாமோ சிறைல கழிச்சாப் போதும்னு சொல்லியாச்சு, மீதிப் பேருக்கு முழு மன்னிப்பு. அந்த வருஷக் கடைசில பதவிய விட்டு இறங்குறதுக்கு முன்னாடி சுகாமோவுக்குப் போனவங்களையும் சேர்த்தே மன்னிச்சு விட்டுட்டார்.

உத்தரவு வந்த நேரத்துல அவர் நாட்டுலயே இல்ல, உடம்பு முடியாம அமெரிக்கால பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில படுத்திருந்தார். அங்கேருந்துதான் அறிக்கை விட்டார். அதோட சாரம் இதுதான்: இவங்களை மன்னிக்கிற கடைசி ஆளாத்தான் நான் இருக்கணும், என் மனைவியையும் மூணு பிள்ளைங்களையும் குடும்பத்துல இன்னும் அஞ்சு பேரையும் ஜப்பான்காரங்க கொன்னாங்க, ஆனா நாளைக்கு நம்ம நாட்டுக்கு நண்பர்களா ஆகக்கூடிய ஒரு ஜனங்க மேல இருக்கிற வெறுப்பை என் பிள்ளைங்களும் என் மக்களும் என்கிட்டேருந்து சொத்து மாதிரி வாங்கிக்கக் கூடாது.

இத மொத தடவை படிக்கிறப்ப யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும், எனக்கும் அப்படித்தான். ஆனா இத வெறும் நல்லவர் கதையா நிறுத்திட்டா விஷயம் பாதிதான் புரியும். ஏன்னா அதே காலத்துல அதே ஜப்பானை மன்னிக்கிறது பத்தி உலக நாடுகளே கூடி உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டுச்சு, அதுல யாரோட இழப்பை யார் தள்ளுபடி பண்ணாங்கன்னு பாத்தா நம்ம ஆளுங்க கணக்கும் உள்ள வருது. அதனால கொஞ்சம் முன்னாடி போய்த் தொடங்கலாம்.

1945 பிப்ரவரி 3ஆம் தேதி, ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த மணிலாவுக்குள்ள அமெரிக்கப் படை நுழையுது. ஜப்பான் தளபதி யமஷிட்டா தன் பெரும்படைய வடக்கு மலைப் பக்கம் நகர்த்திட்டார், ஆனா கடற்படை அதிகாரி இவாபுச்சி கீழ இருந்த ஆளுங்க ஊரை விட்டுக் கிளம்பல, வீதிக்கு வீதி கட்டடத்துக்குக் கட்டடம் நின்னு சண்டை போட்டாங்க. சரியா ஒரு மாசம் நடந்துச்சு. தோக்கப் போறோம்னு தெரிஞ்ச படை பொதுஜனங்க மேல பாஞ்சுது, எர்மிட்டா, மலாட்டே, பழைய கோட்டை ஊரான இன்ட்ராமுரோஸ் இங்கெல்லாம் வீட்டோட வச்சு எரிச்சாங்க, ஆஸ்பத்திரி, கான்வென்ட், தேவாலயம்னு பாக்காம புகுந்தாங்க, பெண்களை ஹோட்டல்கள்ல அடைச்சு வச்சு நாசம் பண்ணாங்க. இன்னொரு பக்கம் அமெரிக்க பீரங்கி ஜப்பான்காரன் பதுங்கின கட்டடத்தைத் தரைமட்டமாக்குறேன்னு உள்ள இருந்த மணிலா ஜனங்களையும் சேத்துப் புதைச்சுது, அதையும் சொல்லாம விடக்கூடாது. மொத்தமா ஒரு லட்சம் பொதுஜனம் செத்திருப்பாங்கன்னு பொதுவா சொல்ற கணக்கு.

கிரினோ வீடு எர்மிட்டாலதான். பிப்ரவரி 9ஆம் தேதி குண்டு விழ ஆரம்பிச்சதும் குடும்பம் அந்த வீட்டை விட்டுட்டு பக்கத்துல இருந்த மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேரலாம்னு கிளம்புது. நாலஞ்சு தெருதான் தூரம். தெருவைத் தாண்டுற நேரத்துல ஜப்பான்காரங்க மெஷின்கன்னால சுட்டுட்டாங்க. மனைவி அலிசியா, ஒரு மகன், ஒரு மகள், அப்புறம் 2 வயசுக் கைக்குழந்தை, எல்லாரும் போயாச்சு. மிஞ்சினது மூத்த பையன் தோமாஸ், பொண்ணு விக்டோரியா. 1948 ஏப்ரல்ல ஜனாதிபதி ரோஹாஸ் திடீர்னு மாரடைப்புல இறந்து, துணை ஜனாதிபதியா இருந்த கிரினோ பதவிக்கு வர்றப்ப, அரண்மனைல ஜனாதிபதி மனைவி பாக்க வேண்டிய வேலையெல்லாம் பாத்தது அந்த விக்டோரியாதான், அப்ப அந்தப் பொண்ணுக்கு 16 வயசு. ஒவ்வொரு விருந்துலயும் ஒவ்வொரு வரவேற்புலயும் அம்மா நிக்க வேண்டிய எடத்துல பொண்ணு நிக்குது, அத பாத்துக்கிட்டே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆட்சி பண்ண மனுஷன் அவர். மறந்துட்டு மன்னிச்சார்னு சொல்ல வழியே இல்ல.

இன்னொண்ணும் முக்கியம். ஆரம்பத்துலேருந்தே இளகின மனசோட இருந்தவர்னும் சொல்ல முடியாது. போர் முடிஞ்சதும் யமஷிட்டா வழக்கு மாதிரி பெரிய வழக்கெல்லாம் அமெரிக்காவே நடத்தி 1946ல தூக்குல போட்டுச்சு. 1947லேருந்து விசாரணைய பிலிப்பைன்ஸ் தன் கைல எடுத்துக்குச்சு. மொத்தம் 151 பேர் மேல வழக்கு, 79 பேருக்கு மரண தண்டனை தீர்ப்பாச்சு. அதுல நிறைவேத்துனது 17. அந்த 17ல 14 பேரை 1951 ஜனவரில ஒரே ராத்திரில முன்டின்லூபால தூக்குல போட்டாங்க, அப்ப ஜனாதிபதி இதே கிரினோதான். அந்த 14 பேர்ல சிலர் அந்தக் குற்றம் நடந்த எடத்துலயே இல்லன்னு ஜப்பான்ல பெரிய கொந்தளிப்பு ஆச்சு.

அப்ப ரெண்டரை வருஷத்துல என்ன மாறுச்சு?

நிறைய விஷயம். ஜப்பான்லேருந்து கருணை மனுக்கள் குவிஞ்சுது, கைதிகளோட அம்மாமார், மனைவிமார் எழுதினாங்க. கானோ கான்ராய்னு ஷிமானே பகுதியச் சேர்ந்த ஓவியர் ஒருத்தர், சீனால போர்க்காட்சி வரையப் போன ஆளு, கைதிகளோட சொந்தக்காரர்கூட கிடையாது, அவர் பாட்டுக்கு 1949லேருந்து வருஷக்கணக்கா கிரினோவுக்குக் கடிதம் போட்டுக்கிட்டே இருந்தார், உங்க பிள்ளைங்க பேரைச் சொல்லி மன்னிச்சு விடுங்க, அந்த மன்னிப்புலேருந்துதான் சமாதானம் பொறக்கும்னு. சோழன் தன் எதிரி மலையமானோட சின்னப் பிள்ளைகளை யானைக் காலுல போட்டு மிதிக்க வச்சப்ப, ஒரு புலவர் குறுக்க போய் நின்னு, அந்தக் குழந்தைங்க யானையப் பாத்த ஆச்சரியத்துல அழுகையையே மறந்து நிக்குதுங்க பாருன்னு சொல்லி ராஜா மனசை மாத்தப் பாத்தாரே, கானோ பண்ணதும் அந்த மாதிரி வேலைதான். தண்டிக்க அதிகாரம் இருக்கிறவன் கிட்ட யாராவது ஒருத்தர் தைரியமா போய்க் கேக்கணும், கேக்க ஆள் இல்லாத எடத்துல கருணை வர்றது ரொம்ப அபூர்வம்.

கூடவே அரசியல் கணக்கும் இருந்துச்சு, அத மறைக்கிறதுல அர்த்தம் இல்ல. 1952 ஏப்ரல்ல ஜப்பான் மறுபடி சுதந்திர நாடாயிடுச்சு, அதோட வியாபாரம் பண்ணியாகணும், கொரியப் போர் நடந்துக்கிட்டிருக்கு, அமெரிக்கா இந்தப் பக்கம் இருக்கிற நாடுங்கள்லாம் ஒண்ணா நிக்கணும்னு நெருக்குது, கத்தோலிக்க நாடு, தேர்தல் வேற நவம்பர்ல வருது. அதே நேரத்துல போர்ல தப்புப் பண்ணாங்கன்னு, ஜப்பானுக்கு ஒத்துழைச்சாங்கன்னு ஜெயில்ல இருந்த தன் நாட்டு ஆளுங்களுக்கும் பொதுமன்னிப்பு குடுத்தார், அதுல ஓட்டுக் கணக்கு இருந்துச்சுன்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன். ஆனா கணக்கு மட்டும்தான்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஏன்னா வெறும் கணக்குன்னா இந்தக் கைதிங்க அவருக்கு ரொம்ப விலை உயர்ந்த சரக்கு, ஜப்பான்கிட்ட நஷ்டஈடு பேரம் நடந்துக்கிட்டிருந்த நேரம் அது, பேரம் படியற வரைக்கும் கைதிகளைக் கைல வச்சிருக்கிறதுதான் எந்த ராஜதந்திரியும் பண்ணுறது. அவர் பேரம் முடியறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே கைதிகளை அனுப்பிட்டார், பதிலுக்கு ஒண்ணும் வாங்கல.

இந்த நஷ்டஈடு விஷயத்துலதான் நான் சொல்ல வர்ற முக்கியமான பாயிண்ட் இருக்கு.

1951 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோ ஓபரா ஹவுஸ்ல ஜப்பானோட சமாதான ஒப்பந்த மாநாடு நடந்துச்சு. செப்டம்பர் 8ஆம் தேதி ஜப்பானையும் சேத்து 49 நாடு கையெழுத்து போட்டுச்சு. சோவியத் யூனியன் வந்துட்டு கையெழுத்து போடல, இந்தியா மாநாட்டுக்கே போகல, ஜப்பான்கிட்ட எல்லாரையும் விட அதிகமா அடிபட்ட சீனாவையும், ஜப்பானோட காலனியா கிடந்த கொரியாவையும் கூப்பிடவே இல்ல. ஒப்பந்தத்தை வடிவமைச்ச ஆளு அமெரிக்காவோட ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அவர் 1919ல பாரிஸ் சமாதான மாநாட்டுலயும் இளம் வக்கீலா இருந்தவர், ஜெர்மனி தலைல கடைசில 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடு கட்டுன கதையும் அதுக்கப்புறம் ஹிட்லர் வந்த கதையும் அவருக்கு நல்லாத் தெரியும். தோத்தவனைக் கழுத்தை நெரிச்சா இன்னொரு போர்தான் வரும்ங்கிற பாடம் உண்மையானதுதான், அத நான் முழுசா ஏத்துக்கிறேன். ஆனா அந்தப் பாடத்தோட சேர்ந்து இன்னொரு காரணமும் இருந்துச்சு, கொரியாவுல போர் நடக்குது, அமெரிக்காவுக்கு ஜப்பான்ல ராணுவ தளம் வேணும். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்லயே அமெரிக்க ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு, இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

ஒப்பந்தத்தோட 14வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஜப்பான் நஷ்டஈடு குடுக்க வேண்டியதுதான், ஆனா எல்லாத்தையும் குடுத்தா அந்த நாடு பிழைக்காது, அதனால ஜப்பான் ராணுவம் பிடிச்சு ஆண்டு நாசம் பண்ண நாடுங்க வேணும்னா தனியாப் பேசி ஜப்பான்காரங்களோட வேலையா வாங்கிக்கலாம், மத்தபடி எல்லா நாடும் தன்னோட கோரிக்கையையும் தன் குடிமக்களோட கோரிக்கையையும் விட்டுக்குடுக்குது. தன் குடிமக்களோட கோரிக்கைங்கிற அந்த எடத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இந்த மாநாட்டுல இலங்கை சார்பா பேசுனவர் அன்னைக்கு நிதியமைச்சரா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன. செப்டம்பர் 6ஆம் தேதி பேசுன அந்தப் பேச்சு இன்னைக்கும் ஜப்பான்ல கொண்டாடப்படுது. விமானத் தாக்குதல் நடந்துச்சு, பெரிய ராணுவத்தை எங்க மண்ணுல நிறுத்துனாங்க, நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் குடுக்க நாங்க மட்டும்தான் மிச்சம்னு மரத்தையே சாகடிக்கிற மாதிரி பால் எடுத்தாங்க, இதுக்கெல்லாம் நஷ்டஈடு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா கேக்க மாட்டோம், பகை பகையால் தணியாது அன்பாலதான் தணியும்னு புத்தர் சொன்னார்னு சொன்னார். நல்ல பேச்சு, அந்த நேரத்துல ஜப்பானுக்குப் பெரிய ஆறுதல்.

இப்ப அந்தப் பேச்சுல வர்ற விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல குண்டு விழுது. 9ஆம் தேதி திருகோணமலை, சீனக்குடா எண்ணெய்த் தொட்டி பத்தி எரியுது, மட்டக்களப்பு பக்கம் கடல்ல பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் மூழ்குது. அப்புறம் ரப்பர். மலாயாவும் இந்தோனேசியாவும் ஜப்பான் கைக்குப் போனதும் உலக இயற்கை ரப்பர்ல ஏறக்குறைய 90 சதவீதம் நேச நாடுகளுக்கு இல்லாமப் போச்சு, மிச்சம் இருந்த பெரிய எடம் இலங்கைதான். சாதாரணமா பால் வெட்டுறப்ப ஒரு மரத்துல பட்டைய மெல்லிசா சீவி, அந்தப் பட்டை மறுபடி வளர விட்டு, மரத்துக்கு ஓய்வு குடுத்துத்தான் வெட்டுவாங்க, அப்பதான் மரம் பல வருஷம் பால் குடுக்கும். போர்க்காலத்துல அந்தக் கணக்கெல்லாம் கெடையாது, இருக்கிற பட்டை மொத்தத்தையும் ஒரே மூச்சுல வெட்டு, பால் எடு, மரம் செத்தா சாகட்டும். அந்த வேலைய பண்ண கை யாருது? தோட்டத்துல வேலை பார்த்தவங்கள்ல ஏராளமான பேர் மலையகத் தமிழர். 1948ல கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்துல அந்த ஜனங்களுக்குத்தான் நாடே இல்லாமப் போச்சு, அதுக்கு அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. அதாவது 1951ல சான் பிரான்சிஸ்கோல அந்த ரப்பர் இழப்பை இலங்கை மன்னிக்கிறப்ப, அந்தப் பாலை வெட்டுனவங்கள்ல ஏராளமான பேருக்கு இலங்கைல குடியுரிமையே இல்ல, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்துல ஜெயவர்த்தனவும் மந்திரி. பின்னாடி 1983 ஜூலைல தமிழர் வீடும் கடையும் எரிஞ்சப்ப ஜனாதிபதி நாற்காலில இருந்தவரும் இவர்தான். நம்ம ஆளுங்க இந்தப் பேச்சைப் படிக்கிறப்ப ஒரு கசப்பு வராம இருக்காது, அந்தக் கசப்பு நியாயமானது. அதுக்காக 1951ல சொன்ன வார்த்தை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஜப்பானை நெரிக்காம விட்டது சரிதான். ஆனா நாட்டுக்கு வெளிய தூரத்துல இருக்கிற, தோத்துப்போன எதிரிய மன்னிக்கிறது ஒரு அரசுக்கு அவ்வளவு கஷ்டமில்ல, அதுல இழக்குறது வேற யாரோட பணமும் வேற யாரோட உழைப்பும்னா இன்னும் சுலபம்.

இதே மாநாட்டுல பிலிப்பைன்ஸ் சார்பா பேசுன கார்லோஸ் ரோமுலோ நேரெதிர் தொனில பேசுனார். நீங்க எங்களுக்குப் பண்ண கொடுமை சாதாரணமானது இல்ல, மன்னிப்புக் கையை நாங்க நீட்டணும்னா உங்ககிட்டேருந்து மனம் திருந்துன ஒரு தெளிவான அடையாளம் வரட்டும், காத்திருக்கோம்னு சொன்னார். பிலிப்பைன்ஸ் கையெழுத்து போட்டுச்சு, ஆனா செனட் அத அங்கீகரிக்காம வருஷக்கணக்கா நிறுத்தி வச்சுது. ஆரம்பத்துல 800 கோடி டாலர் கேட்டாங்க. கடைசில 1956 மே மாசம் 55 கோடி டாலருக்கு ஒப்பந்தமாச்சு, 20 வருஷத்துல பொருளாவும் வேலையாவும் குடுக்கணும்னு, அதுக்கப்புறம்தான் செனட் சமாதான ஒப்பந்தத்தை அங்கீகரிச்சுது. பர்மா 1954லயே 20 கோடி டாலருக்கு முடிச்சுது, இந்தோனேசியா 1958ல 22 கோடி டாலர் சொச்சத்துக்கு. இந்தியா தனியா 1952 ஜூன்ல ஒப்பந்தம் போட்டு நஷ்டஈடே வேண்டாம்னு விட்டுடுச்சு.

பாருங்க, ஒரே நாடு ரெண்டும் பண்ணிருக்கு. ஜெயில்ல இருந்த மனுஷங்களோட உயிரை விட்டுக்குடுத்துச்சு, நாசமான ஊருக்கு ஆன செலவை விட்டுக்குடுக்கல. கருணைன்னா கடனையும் சேர்த்து மறந்துடணும்னு நம்ம மனசுல ஒரு எண்ணம் இருக்கு, பழிவாங்குறதும் நியாயம் கேக்குறதும் ஒண்ணுன்னு நெனைக்கிறதால வர்ற குழப்பம் அது. 14 பேரைத் தூக்குல போட்டதால எர்மிட்டால ஒரு வீடு திரும்பக் கட்டப்படல. 100 பேரை விட்டதால யாரோட வீட்டுக் கணக்கும் கழிஞ்சுபோகல. தண்டிக்கிற கோபத்தை அவர் விட்டார், இழப்பு நடந்துச்சுங்கிறத விடல. கிரினோகிட்ட நான் மதிக்கிறது இதைத்தான்.

சரி, கணக்கே எழுதப்படாதவங்க கதைக்கு வரலாம். ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் (தாய்லாந்தோட பழைய பேரு) பர்மா மரண ரயில் பாதை. தாய்லாந்துல பான் போங்லேருந்து பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர், காடும் மலையும் ஆறும், 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. நேச நாட்டுப் போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல வேலை பார்த்தாங்க, 12,000 பேருக்கு மேல செத்தாங்க. இந்த அளவுக்கு உலகத்துக்கே தெரியும். அவங்களைப் போல மூணு மடங்கு ஆசியத் தொழிலாளிங்க, 2 லட்சம் பேர் அளவுக்கு, அதே பாதைல வேலை பார்த்தாங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, அதுல ஒரு பெரிய பங்கு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர். ஜப்பான்காரன் வந்ததும் ஏற்றுமதி நின்னு தோட்டம் முடங்கிப்போச்சு, கூலி இல்ல, அரிசி இல்ல, சயாமுக்கு வந்தா சம்பளம் சாப்பாடு குடும்பத்துக்குப் பணம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க, வராதவங்களை லாரி வச்சுப் பிடிச்சுட்டுப் போனாங்க. 1943 மழைக்காலத்துல காலரா வந்துச்சு. போர்க்கைதிகள் கூட்டத்துலயாவது ராணுவ டாக்டர்கள் இருந்தாங்க, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கணும், மலக்குழி தனியா தோண்டணும்னு கட்டுப்பாடு போட ஒரு அதிகாரி இருந்தார், யார் எந்தத் தேதில செத்தாங்கன்னு ஒளிச்சு வச்சாவது எழுதி வச்சாங்க. தோட்டத்துலேருந்து போனவங்களுக்கு டாக்டரும் இல்ல, எழுதி வைக்க ஆளும் இல்ல. 90,000 பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு மதிப்பீடு இருக்கு, மதிப்பீடு மட்டும்தான். காஞ்சனபுரில போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, கிட்டத்தட்ட 7,000 பேரோட அடக்கம், வரிசை வரிசையா, பெரும்பாலானதுல பேர், படைப்பிரிவு, வயசு எல்லாம் போட்டு. தமிழர் விழுந்த எடத்துல காடு வளர்ந்துடுச்சு.

சமாதான ஒப்பந்தத்துல 16வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நடுநிலை நாடுகள்ல இருந்த ஜப்பான் சொத்தை வித்து செஞ்சிலுவைச் சங்கம் மூலமா முன்னாள் போர்க்கைதிகளுக்குக் குடுக்கணும்னு. போர்க்கைதின்னா ராணுவத்துல இருந்து பிடிபட்டவன். ஒரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து 76 பவுண்டு சொச்சம் கெடச்சுது, அது ரொம்பக் கம்மின்னு அவங்க பல வருஷம் போராடி, 2000ல பிரிட்டிஷ் அரசாங்கமே உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு குடுத்துச்சு. தோட்டத் தொழிலாளி ராணுவத்துல இல்ல, அதனால அந்தப் பிரிவு அவனுக்குப் பொருந்தாது. மலாயா அப்ப பிரிட்டிஷ் காலனி, அதனால மலாயா ஜனங்க சார்பா விட்டுக்குடுத்துக் கையெழுத்து போட்டது பிரிட்டன். செத்தவன் ஊர்க்காரன்ல ஒருத்தன்கூட அந்த ஓபரா ஹவுஸ்ல இல்ல. பின்னாடி 1967ல மலேசியாவுக்கு ஜப்பான் 2.5 கோடி மலேசிய வெள்ளி (அந்த நாட்டு டாலர்) மதிப்புல ஒரு உதவி குடுத்துச்சு, அது சரக்குக் கப்பலா வந்து சேந்துச்சு. சயாமுக்குப் புருஷனையும் மூத்த மகனையும் அனுப்பிட்டு கெடாவுலயும் பேராக்லயும் தோட்ட லயத்துல காத்துக்கிட்டிருந்த பொம்பளைங்களுக்கு அந்தக் கப்பல் என்ன பண்ணும்?

அப்ப கிரினோ மட்டும் யாரைக் கேட்டு மன்னிச்சார்னு நீங்க கேக்கலாம், கேக்கணும். மணிலால செத்த ஒரு லட்சம் பேர்ல அவர் குடும்பத்து ஆளுங்க சில பேர்தான், மத்தவங்க சார்பா மன்னிக்க அவருக்கு யார் உரிமை குடுத்தா? இந்தக் கேள்விக்கு முழுசா பதில் சொல்ல முடியாது. மன்னிப்பு குடுக்கிற அதிகாரம் அரசியல் சட்டத்துல இருந்துச்சு, ஆனா சட்டம் குடுக்கிற அதிகாரம் வேற, இழந்தவங்க மனசு வேற. அவர் பண்ணது நாட்டுல பலருக்குப் பிடிக்கல. என் பார்வைல அவரை மத்த தலைவர்கள்கிட்டேருந்து பிரிச்சுக் காட்டுறது ரெண்டு விஷயம். தான் விட்டுக்குடுக்கச் சொல்ற இழப்பு தன் வீட்டுலயும் விழுந்திருக்கு, அந்த வலியோட அளவு அவருக்குத் தெரியும். அப்புறம் அவர் விட்டது தண்டனைய மட்டும், மத்தவங்க கேக்க வேண்டியதைக் கேக்குற கதவை அவர் மூடல.

அந்தக் கதவை மூடுனது வேற ஆளுங்க, அது ரொம்பப் பின்னாடி. 1944 நவம்பர் 23ஆம் தேதி பம்பாங்கா மாகாணத்துல மபானிகினு ஒரு கிராமத்துல ஜப்பான் படை புகுந்து ஆம்பளைங்களைக் கொன்னு, பெண்களைச் சிவப்பு வீடுன்னு சொல்ற ஒரு பெரிய வீட்டுக்கு நடத்திட்டுப் போய்ப் பலாத்காரம் பண்ணாங்க. அந்தப் பெண்கள் அம்பது வருஷம் வாய் திறக்கல. 1992ல மரியா ரோசா ஹென்சன்னு ஒரு பெண்மணி தனக்கு நடந்ததை முதல்ல பகிரங்கமா சொன்னதுக்கப்புறம் மத்தவங்களும் வந்தாங்க, மபானிகி பாட்டிமார் மலாயா லோலாஸ்னு (அவங்க மொழில சுதந்திரப் பாட்டிமார்னு அர்த்தம், மலாயா நாடு இல்ல) ஒரு அமைப்பா சேர்ந்து, எங்களுக்காக ஜப்பான்கிட்ட கேளுங்கன்னு தங்களோட சொந்த அரசாங்கத்தைக் கேட்டாங்க. அரசாங்கம் 1951 ஒப்பந்தத்தைக் காட்டுச்சு, தன் குடிமக்களோட கோரிக்கையையும் விட்டுக்குடுக்குதுன்னு சொன்ன அதே 14வது பிரிவு, எல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சுன்னு. உச்ச நீதிமன்றமும் 2010ல இது வெளியுறவு விவகாரம், அரசாங்கம் எடுக்க வேண்டிய முடிவு, நாங்க கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. அவங்க ஐ.நா. வரைக்கும் போனாங்க. 2023 மார்ச்ல பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிற ஐ.நா. குழு அவங்க பக்கம் முடிவு சொல்லிச்சு, இந்தப் பெண்களோட உரிமைய மீறுனது பிலிப்பைன்ஸ் அரசாங்கம், போர்ல பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு, முன்னாள் வீரர்களுக்கு உதவி குடுக்கிற நாடு இவங்களுக்கு ஒண்ணும் பண்ணல, இழப்பீடும் முறையான மன்னிப்பும் குடுக்கணும்னு.

ஜப்பானும் பிலிப்பைன்ஸும் இன்னைக்கு எவ்வளவு நெருக்கம்னா, 2024 ஜூலைல மணிலாவுல வச்சே ஒரு ராணுவ ஒப்பந்தம் போட்டாங்க, ஒருத்தர் படை இன்னொருத்தர் மண்ணுக்குப் பயிற்சிக்கு வந்து போகலாம்னு. 2016 ஜனவரில அப்போதைய பேரரசர் அகிஹிட்டோ பிலிப்பைன்ஸ் வந்தப்ப மணிலால செத்த பொதுஜனங்களைப் பத்திப் பேசுனார், ஜப்பான்காரங்க இத மறக்கவே கூடாதுன்னார், அதே வருஷம் டோக்கியோ ஹிபியா பூங்காவுல கிரினோவுக்கு ஒரு நினைவுக்கல்லும் வச்சாங்க. வெறுப்பை என் பிள்ளைங்க வாங்கிக்கக் கூடாதுன்னு 1953ல அந்த ஆஸ்பத்திரிப் படுக்கைலேருந்து அவர் சொன்னது பெருமளவு நடந்திருக்கு. மபானிகி பாட்டிமார் கேக்குறதும் சயாம் ரயில்ல போனவங்க பேரன் பேத்திங்க கேக்குறதும் அதுக்கு எதிரான விஷயமே கிடையாது, யாரையும் தூக்குல போடுங்கன்னு அவங்க கேக்கல. எங்க வீட்டு ஆளு இன்ன ஊர்லேருந்து போனார், இன்ன எடத்துல செத்தார்னு ஒரு பதிவு வேணும், நடந்தது நடந்துச்சுன்னு எங்க முகத்தைப் பாத்து ஒருத்தர் சொல்லணும், சேர வேண்டிய கூலி சேரணும், அவ்வளவுதான் கேக்குறாங்க. மலேசியாவுல போனவங்களோட பிள்ளைங்களே இப்ப எண்பதைத் தாண்டிட்டாங்க, அவங்க ஞாபகத்துல இருக்கிற பேரையும் தோட்டத்தையும் எழுதி வாங்குற வேலைய இப்பவே பண்ணியாகணும்.